மகனோடு சேர்ந்து படித்த தகப்பனார்

பள்ளியில் பிள்ளையைப் பதிய வரும் பெற்றோர் சிலர், பாரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, "எங்க காலம் போயிருச்சுங்க வாத்தியாரே, பிள்ளையாவது படிக்கட்டும்" என்பார்கள். நான் பலமுறை கேட்ட பேச்சு இது. அவர்களை நினைத்துத்தான் ஜார்ஜ் ஸ்டீவன்சனைப் பற்றி எழுதுகிறேன். இரயில் பாதைகளின் தந்தை எனப் பெயர் பெற்ற அவருக்கு 18 வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாது.

1781ஆம் ஆண்டு வட இங்கிலாந்தில், வைலம் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். நம் லயத்து வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் நான்கு குடும்பங்கள். குடும்பத்துக்கு ஓர் அறை. தகப்பனார் சுரங்கத்து நீராவி இயந்திரத்துக்குக் கரி அள்ளிப் போடும் தொழிலாளி. தாய் தந்தை இருவருக்கும் எழுத்து வாசனை கிடையாது. குதிரைகள் கரி வண்டி இழுக்கும் பாதையில் மாடுகள் ஏறாமல் காப்பதுதான் சிறுவன் ஜார்ஜின் முதல் வேலை. நாள் கூலி 2 பென்ஸ். ஓய்ந்த நேரத்தில் களிமண்ணால் இயந்திரம் செய்து விளையாடுவானாம்.

வளர்ந்ததும் அவரும் கரி அள்ளினார். பிறகு இயந்திரத்தைக் கவனிக்கும் வேலைக்கு உயர்ந்தார். ஜேம்ஸ் வாட் செய்த சிறந்த இயந்திரங்களைப் பற்றிப் புத்தகங்களில் இருப்பதாகக் கேள்விப்பட்டார். படிக்கத்தான் தெரியவில்லை. பகலெல்லாம் உழைத்துவிட்டு வாரம் 3 இரவு வாத்தியாரிடம் போனார். 19 வயதில் தம் பெயரை எழுதினார்.

துன்பமும் விடவில்லை. 1806இல் மனைவி இறந்தார். தகப்பனாருக்கு நீராவி பட்டுக் கண் போயிற்று. கையில் சிறு மகன் ராபர்ட். செருப்புத் தைத்தும் கடிகாரம் பழுது பார்த்தும் குடும்பத்தைக் காத்தார்.

1811இல் கில்லிங்வர்த் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் புது இயந்திரம் சரியாக இறைக்காமல் கிடந்தது. அது வேலை செய்யும் விதம் இதுதான்: உருளைக்குள் நீராவியை விட்டு, குளிர்ந்த நீரைப் பீச்சினால் நீராவி சுருங்கித் தண்ணீராகும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், வெளிக் காற்று பிஸ்டனைக் கீழே அழுத்தும். பெரிய ஆட்கள் பார்த்தும் முடியாததை ஸ்டீவன்சன் சில நாட்களில் சரிசெய்தார். குளிர்நீர்த் தொட்டியை உயர்த்தி, நீர் பாயும் துவாரத்தைப் பெரிதாக்கினார். சுரங்கத்தில் தண்ணீர் வற்றியது. மறு ஆண்டே இயந்திரப் பொறுப்பாளர் ஆனார்.

சம்பளம் கூடியதும் முதலில் செய்த காரியம், மகனை நியூகாசலில் நல்ல பள்ளியில் சேர்த்தது. பையன் கழுதைமேல் ஏறிப் போய்வருவான். நூலகப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவருவான். வெளியே தராத நூல் என்றால் படத்தை வரைந்து வருவான். இரவில் தகப்பனும் மகனும் ஒரே மேசையில் படிப்பார்கள். 'நீ கற்றதை எனக்கும் சொல்' என்று கேட்க அவர் வெட்கப்படவில்லை.

1814இல் அவர் செய்த முதல் நீராவி வண்டி, 30 டன் பளுவை மணிக்கு 4 மைல் வேகத்தில் மேட்டில் இழுத்தது. 1825இல் லிவர்பூல்–மான்செஸ்டர் பாதைக்காகப் பாராளுமன்றக் குழுவின் முன் நின்றபோது வழக்கறிஞர்கள் அவரைத் திணறடித்தனர். நில அளவைக் கணக்கில் பிழை இருந்ததும் உண்மை. உதவியாளர்கள் அளந்ததை அவர் சரிபார்க்கவில்லை. மசோதா தோற்றது. மறு ஆண்டு அது நிறைவேறியதும், பாதை போட அவரையே அழைத்தார்கள்.

1829 அக்டோபரில் ரெயின்ஹில்லில் வண்டிகளுக்குப் போட்டி வைத்தார்கள். பரிசு 500 பவுன். வென்றது 'ராக்கெட்'. தண்ணீர் விரைவில் கொதிப்பதற்காக அதன் கொதிகலனுக்குள் 25 செம்புக் குழாய்கள் இருந்தன. மணிக்கு ஏறக்குறைய 30 மைல் வேகத்தையும் அது எட்டியது. அதைச் செய்த நியூகாசல் பட்டறையை நடத்தியவர், கழுதைமேல் ஏறிப் பள்ளிக்குப் போன அதே ராபர்ட்.