தூண்டில் நரம்பு ஏன் அறுகிறது?

கோடையில் தண்ணீர் வற்றியதும் பொன்னமராவதி வட்டாரக் கண்மாய்களில் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அன்று வலைக்கும் ஊத்தாவுக்கும்தான் வேலை. தண்ணீர் கிடக்கும் மாதங்களிலோ கரையில் தூண்டில்காரர்களைக் காணலாம். விரால் மாட்டும், இழுக்கும்போது நரம்பு ‘பட்’டென்று அறுந்துவிடும். “பெரிய மீன்!” என்று ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். மீன் பெரியதா, நரம்பு பழையதா? இயற்பியலைக் கேட்டுப் பார்ப்போமா?

நாம் நரம்பு என்பது நைலான் இழை. 1935இல் அமெரிக்காவின் டூபான் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் உருவாக்கிய பொருள் நைலான். சங்கிலி போன்ற நீண்ட மூலக்கூறுகள் இழையின் நீளவாக்கில் அணிவகுத்திருப்பதே அதன் வலிமைக்குக் காரணம். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் இச்சங்கிலிகளை அங்கங்கே துண்டிக்கின்றன. வாசலில் வெயில்பட சாத்தி வைத்த தூண்டிலின் நரம்பு, ஒரு மீன்கூடப் பிடிக்காமலே கிழடாகிவிடும்.

மற்றொரு பகை கரையிலுள்ள கருங்கல். 0.40 மில்லிமீட்டர் விட்டமுள்ள நரம்பு உராய்ந்து 0.30 ஆகிவிட்டது என்போம். வலிமை குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே மிஞ்சுவது 9/16 பங்கு வலிமைதான்! இது சீரான தேய்வுக்குரிய கணக்கு. கீறல் விழுந்தால் இன்னும் மோசம். ஜவுளிக்கடையில் கத்தரியால் சிறிது வெட்டிவிட்டுத் துணியைச் சர்ரென்று கிழிக்கிறார்கள் அல்லவா? கீறலின் நுனியிலும் அப்படித்தான் விசை குவிகிறது.

கண்ணுக்குத் தெரியாத கீறலைப் பஞ்சு கண்டுபிடித்துவிடும். நரம்பைப் பஞ்சினூடே மெல்ல இழுங்கள். கீறலில் பஞ்சு சிக்கும். வலிமையை அளக்கப் பள்ளி ஆய்வுக்கூடத்து வில்தராசு போதும். ஆசிரியர் முன்னிலையில், முள்ளை அகற்றிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்யுங்கள். பழையதிலும் அதே விட்டமுள்ள புதியதிலும் இரண்டு முழம் எடுத்து, ஒரே மாதிரி முடிச்சிட்டு, மெதுவாக இழுங்கள். நைலான் நீரை உறிஞ்சினால் வலிமை சற்றுக் குறையும். ஆகவே இரண்டையும் ஊறவைத்தே சோதியுங்கள். புதியது தாங்குவதில் முக்கால் பங்கைத் தாங்காத நரம்பை நானானால் மாற்றிவிடுவேன்.

முழுவதையும் எறிய வேண்டியதில்லை. பெரும்பாலும் முள்ளருகே இரண்டு மூன்று முழம்தான் தேய்ந்திருக்கும். அதை மட்டும் வெட்டிவிடுங்கள். வெட்டியதைக் கண்மாயில் போடாதீர்கள்; நைலான் எளிதில் மக்காது, கொக்கின் காலில் சுற்றினால் அதற்கு அவிழ்க்கத் தெரியாது. மிஞ்சிய நரம்பைச் சேறு போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, வீட்டுக்குள் வையுங்கள்.

முள்ளைத் திரும்பக் கட்டும்போது முடிச்சை நனைத்து இறுக்குங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூடு இழையைக் கெடுக்கும். பெரியவர்கள் எச்சில் தொட்டு இறுக்குவது இதற்காகத்தான்.