மேகத்துக்கு விதை போடும் காடு

பைன் மரத்தின் ஊசியிலை ஒன்றைக் கிள்ளி விரலால் நசுக்கி முகர்ந்து பாருங்கள். டர்பன்டைன் போல மூக்கில் ஏறும் அந்த மணம் கொஞ்ச நேரத்தில் காற்றோடு போய்விடும். போனது எங்கே என்று யாரும் தேடுவதில்லை. இமயமலையில் தேடினார்கள்.

நேபாளத்தின் கும்புப் பள்ளத்தாக்கில், எவரெஸ்ட் அடிவாரத்துக்குப் போகும் வழியில், 5,050 மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பிரமிடு நிற்கிறது. 1990-இல் இத்தாலியர்கள் எழுப்பிய ஆய்வுக்கூடம் அது. சுற்றிலும் கல்லும் பனியும்தான். ஒரு மரம் கிடையாது. ஆனாலும் அந்தக் காற்றை அளந்த ஆய்வாளர் ஃபெடரிகோ பியாங்கி குழுவினருக்குக் காட்டின் தடயம் கிடைத்தது.

வெயில் ஏறியதும் மலைச்சரிவு சூடாகிறது; காற்று பள்ளத்தாக்கு வழியே மேலேறத் தொடங்குகிறது. கீழே உள்ள காடுகள் மூச்சுவிட்ட அந்த மண ஆவியும் கூடவே ஏறுகிறது. வழிநெடுக ஓசோனும் வெயிலும் அதில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டே வருகின்றன. ஆக்சிஜன் கூடக் கூட, ஆவியாக மிதக்கும் தன்மையை மூலக்கூறு இழக்கிறது. மேலே கடுங்குளிர் வேறு. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒன்றிரண்டு நானோமீட்டர் அளவில் புதுத் துகள் பிறக்கிறது. நம் தலைமுடி ஒன்றின் தடிமனில் இவற்றைப் பல்லாயிரக்கணக்கில் வரிசையாக அடுக்கலாம்.

சமவெளியில் இது இவ்வளவு எளிதாக நடக்காது. அங்கே புகையும் தூசியும் ஏற்கெனவே மண்டிக்கிடக்கின்றன. ஆவி அவற்றின் மேலேயே படிந்துவிடும். மலைக்காற்றின் சுத்தம்தான் இந்தப் பிறப்புக்கு இடம் தருகிறது. பிறந்தவற்றிலும் பல, பெரிய துகள்களில் மோதி மறைந்துபோகும். தப்பிப் பிழைத்து ஐம்பது, நூறு நானோமீட்டர் வரை வளர்ந்தவைமீது நீராவி படிந்தால் மேகத்துளி.

கந்தக அமிலம் இல்லாமல் இப்படித் துகள் பிறக்காது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். காற்றிலுள்ள கந்தகத்தில் பெரும்பங்கு இன்று நிலக்கரி, எண்ணெய்ப் புகையிலிருந்து வருவது. மரங்களின் ஆவி மட்டுமே போதும் என்பதை 2016-இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் 'கிளவுட்' சோதனை காட்டியது. கும்புவிலும் மனிதப் புகையின் பங்குக்குப் பெரிதாகச் சான்று கிடைக்கவில்லை. இமயமலை முழுவதுமே ஒரு துகள் தொழிற்சாலையாக இருக்கலாம் என்கிறது பியாங்கி குழு.

என்னை உலுக்கியது இதுதான்: ஆலைகள் வருமுன் வானத்தில் எவ்வளவு மேகம் இருந்தது என்று தெரிந்தால்தான், நம் புகை பருவநிலையை எவ்வளவு மாற்றியது என்று கணக்கிட முடியும். அந்தப் பழைய வானத்தின் வேலை கும்புவில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, பொழுது விடிந்து காற்று மேலே திரும்பும்போதெல்லாம்.