மலைச் சாலையும் மோட்டார் சைக்கிள் டயரும்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவர்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு வரும் மலை ரயிலை அறியாதவர் நம்மில் இலர். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் வந்து சேர்ந்த இந்தப் பாதை, கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி வீதம் ஏறுகிறது. இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையேயுள்ள உராய்வு இவ்வேற்றத்தை நம்பிக்கையோடு தாங்கப் போதாது. ஆகவேதான் நடுவில் பல் தண்டவாளம் பதித்து, எஞ்சினின் பல் சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறுமாறு அமைத்தார்கள்.

அதே மலையில் நாமும் மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்குகிறோம். நமக்குப் பல் தண்டவாளம் கிடையாது. நம்மைச் சாலையோடு பிணைத்து வைப்பவை இரண்டு டயர்கள் மட்டுமே. அவை தேய்ந்தபின் புதியதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை, நாம் வகுப்பில் கற்கும் இயற்பியலைக் கொண்டே காண்போம்.

உள்ளங்கை அளவு ஆதாரம்

பின் சக்கரத்தின்மீது 130 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ, அதாவது சுமார் 28 பவுண்டு, காற்றழுத்தம் இருக்கிறது. எடையை அழுத்தத்தால் வகுத்தால் 65 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய இவ்வளவுதான். வண்டியின் ஓட்டம், நிறுத்தம், திருப்பம் யாவும் இந்த உள்ளங்கை அளவு ரப்பரை நம்பியே நடக்கின்றன.

மலையின் கணக்கு வேறு

உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் குணகம் 0.7 என்றும், மழையில் நல்ல டயருக்கு 0.4 என்றும், இறுகிப்போன பழைய டயருக்கு 0.3 என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை, மழையில், சமவெளியில் நிறுத்துகிறோம். நல்ல டயர் சுமார் 16 மீட்டரில் நிறுத்தும். பழைய டயருக்கு 21 மீட்டர் வேண்டும். வேறுபாடு 5 மீட்டர்.

இதையே பத்தடிக்கு ஓர் அடி இறங்கும் சாலையில் செய்து பாருங்கள். புவியீர்ப்பு வண்டியைக் கீழ்நோக்கி இழுப்பதால், குணகத்தில் சுமார் 0.1 அதற்கே செலவாகிவிடுகிறது. நல்ல டயருக்கு எஞ்சுவது 0.3, பழைய டயருக்கு எஞ்சுவது 0.2. நிற்கும் தூரம் முறையே 21 மீட்டரும் 31 மீட்டரும் ஆகிறது. சமவெளியில் 5 மீட்டராக இருந்த வேறுபாடு மலையில் 10 மீட்டராக இரட்டிக்கிறது! பிரேக்கைப் பிடிக்க முடிவெடுப்பதற்குள் கடந்துவிடும் தூரம் இதில் சேரவில்லை.

வளைவிலும் இதே கதைதான். மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளும், உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 வளைவுகளும் உள்ளன. பத்து மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவு ஒன்றில், உலர்ந்த சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வரை டயர் பிடித்து நிற்கும். மழையில் நல்ல டயருக்கு எல்லை 22; பழைய டயருக்கு 19. அந்த எல்லைக்குள்ளேயே வளைவில் பிரேக்கும் பிடிக்க நேர்ந்தால் மிச்சம் ஏது?

ஆகவே, சமவெளியில் சமாளித்துவிடக்கூடிய டயரை மலை மன்னிப்பதில்லை. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டே கடைக்குச் செல்ல வேண்டும்.

அதிக நாள் உழைக்கும் டயரா?

கடையில் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எது ரொம்ப நாள் உழைக்கும்?" என்பது. கேள்வியில் நியாயம் உண்டு. தோட்டக் குடியிருப்புகளில் ஒரு வீட்டுக்கு ஒரு வண்டிதான். விடியற்காலையில் அது தந்தையைத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொண்டு செல்லும். பின் மகனையோ மகளையோ கல்லூரிக்கு. மாலையில் ரேஷன் அரிசி மூட்டையை வீட்டுக்கு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு டயரின் விலை ஒரு தொழிலாளியின் சில நாள் கூலி.

ஆயினும் ரப்பரின் இயல்பை அறிதல் வேண்டும். மென்மையான ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமிழ்ந்து பற்றிக்கொள்ளும்; ஆனால் விரைவில் தேயும். கடின ரப்பர் மெல்லத் தேயும். ஆனால் ஈரத்தில் வழுக்கும். குளிரில் எந்த ரப்பரும் இறுகும். மார்கழியில் உறைபனி படியும் உதகையில் காலை 7 மணிக்குக் கிளம்பும் டயர், கோவையின் வெயிலில் ஓடும் டயரைப்போல் இளகியிருக்காது. கார்பன் கரியோடு சிலிக்காவும் கலந்த ரப்பர் ஈரத்தில் நன்கு பிடிக்கும் என்பதால், அத்தகைய டயர் உங்கள் வண்டிக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

மழையோ நமக்கு இரு பருவம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவத்திலும் மிகுதியாகப் பெய்யும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. இத்தகைய மாவட்டத்தில் சில ஆயிரம் கிலோமீட்டர் கூடுதல் உழைப்பைவிட ஈரத்தில் பிடிக்கும் தன்மையே மேலானது.

பக்கச் சுவரைப் படிப்போம்

டயரின் பக்கச் சுவரில் '100/90-17 55பி' என்பதுபோல் எழுதியிருக்கும். அகலம் 100 மில்லிமீட்டர். உயரம் அகலத்தில் 90 விழுக்காடு. ரிம்மின் விட்டம் 17 அங்குலம். 55 என்ற எண் 218 கிலோ வரை சுமக்கலாம் என்பதையும், 'பி' என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதையும் குறிக்கும். வண்டியோடு வந்த புத்தகம் கூறும் அளவையே வாங்குக. சுமை எண் அதைவிடக் குறையலாகாது. பின்னால் ஒருவரையும் மூட்டையையும் ஏற்றுபவர்களுக்கு இது மிக முக்கியம்.

அழகுக்காக அகலமான டயரைப் போடும் ஆசை இளைஞரிடையே உண்டு. குறுகிய ரிம்மில் அகல டயர் நெருக்குண்டு உருவம் மாறும். வளைவில் வண்டி சாயும் இயல்பும் மாறும். செயினில் உரசவும் கூடும்.

நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். '1424' என்றால் 2024-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் புதிதாய் இருந்தாலும் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த டயர் இறுகியிருக்கும். அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுழலும் திசையில் அது அமைய வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்து வாங்குக. டியூப் டயர் ஆனால் புது டயரோடு புது டியூபும் போடுவது நலம்.

எப்போது மாற்றுவது?

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இரு சக்கர வாகனத்துக்கு 0.8 மில்லிமீட்டர் பள்ளத்தைக் குறைந்த அளவாக வைத்திருக்கின்றன. அது சட்டத்தின் எல்லை. மழையின் எல்லை அன்று. நீரை வெளியேற்றுவது அந்தப் பள்ளங்களே ஆதலால், பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுதல் நன்று. நடுப்பகுதியை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர். வளைவில் தரையைத் தொடுவன ஓரங்கள். வெடிப்பு விட்ட டயரைப் பள்ளம் மிச்சமிருந்தாலும் ஒதுக்குக. தேய்ந்த டயரில் கத்தியால் பள்ளம் வெட்டி விற்பதை எக்காரணம் கொண்டும் வாங்கலாகாது. வெட்டியபின் உள்ளே நூலைக் காக்க ரப்பரே இராது.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டயருக்கே. ஆகவே முன் டயரை அலட்சியம் செய்வது மலையில் பெரும் ஆபத்து.

காற்றும் உயரமும்

உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றைக் குறைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். மேட்டுப்பாளையத்தைவிட உதகையில் வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 3 பவுண்டு குறைவு. அதனால் அங்கே 28 காட்டிய அளவி இங்கே 31 காட்ட வேண்டும். ஆனால் வெப்பநிலை 32 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு இறங்கினால், டயருக்குள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய 3 பவுண்டு குறைகிறது. ஒன்றை ஒன்று ஈடுசெய்து மீண்டும் 28-க்கே வருகிறது! எனவே மலைக்கென்று காற்றைக் குறைக்க வேண்டியதில்லை. டயர் குளிர்ந்திருக்கும் காலையில், புத்தகம் கூறும் அளவைப் பிடித்தால் போதும்.

புது டயர் போட்ட முதல் 150 கிலோமீட்டர் வரை மெல்லச் சாய்ந்து, மெல்லப் பிரேக் பிடித்து ஓட்டுக. மேற்பரப்பின் வழவழப்பு நீங்க அவ்வளவு ஓட்டம் வேண்டும்.

மாணவ நண்பர்களே! வண்டி வாங்கும்போது நிறத்தையும் எஞ்சினையும் பத்துப் பேரிடம் கேட்கிறோம். டயரை மட்டும் கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வருகிறோம். இனி அவ்வாறன்றி, அளவு, சுமை எண், செய்த வாரம், ஈரத்தில் பிடிப்பு ஆகிய நான்கையும் கேட்டு வாங்குவோம். வீட்டில் தந்தையின் வண்டிக்கும் இதையே செய்வோம். அந்தப் பக்கச் சுவரில் எழுதியிருப்பதை அவருக்குப் படித்துச் சொல்வதும் நாம் கற்ற கல்வியின் பயன்தானே!