மிளகும் அவுரியும் சென்ற ஊர்

தமிழ் அச்சு வரலாற்றைப் பேசுவோர் தரங்கம்பாடியையும் சீகன்பால்கு ஐயரையும் குறிப்பிடாமற் செல்லார். ஆயின், அவர் பிறந்த ஊரின் பெயரை அறிந்தோர் நம்மவருள் மிகச் சிலரே. ஒருவரை நன்கறிய விரும்புவோர் அவரை ஈன்ற ஊரையும் அறிதல் வேண்டுமன்றோ? ஆதலின், ஜெர்மனி தேசத்திலுள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் சிறிய சந்தையூரின் வரலாற்றையும், அங்குள்ளார் வாழ்க்கையையும் இக்கட்டுரையிற் சுருக்கமாக எடுத்துரைப்போம்.

புல்ஸ்நிட்ஸ், சாக்ஸனி நாட்டின் தலைநகராகிய டிரெஸ்டனுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இன்று அதன் குடிமக்கள் ஏறத்தாழ 7,500 பேர். அங்கு ஓடும் சிற்றாற்றின் பெயரே ஊர்ப்பெயருமாயிற்று. அவ்வாறு பண்டைக்காலத்தில் இரு நாடுகளுக்கு எல்லையாய் விளங்கியது. மேற்கே மைசன் நாடு. கிழக்கே மேல் லௌசிட்ஸ் நாடு. மேல் லௌசிட்ஸ் நெடுங்காலம் பொஹீமிய அரசின் கீழிருந்து, 1635-ஆம் ஆண்டுப் பிராக் உடன்படிக்கையாற் சாக்ஸனிக்கு உரியதாயிற்று. எல்லையோரத்து ஊராதலின், கொள்வாரும் கொடுப்பாரும் கூடுதற்கு இஃது ஏற்ற இடமாயிற்று. நடுவே சந்தைவெளியும், சிறிது தூரத்தில் புனித நிக்கொலாஸ் பெயர் தாங்கிய ஆலயமும் இன்றும் உள்ளன.

இவ்வூரார் கைத்தொழிலாற் பெயர் பெற்றவர். நாடா நெய்தல், மட்பாண்டம் வனைதல், துணிக்கு நீலம் தோய்த்தல், மிளகப்பம் சுடுதல் என்பன இவர்தம் தொழில்கள். இவற்றுள் பின்னைய இரண்டும் நாம் சிறப்பாகக் கருதற்குரியன.

மிளகப்பத்தைச் ‘சுடுகின்ற’ உரிமையை இவ்வூர் ரொட்டிக்காரர் 1558-ஆம் ஆண்டிற் பெற்றனர். பெயர் மிளகப்பமாயினும், அதில் மிளகு இருந்தே தீரும் என்பதில்லை. கடல் கடந்து வந்த வாசனைச் சரக்குகள் யாவற்றையும் மிளகு என்ற ஒரே பெயரால் அக்காலத்து ஜெர்மானியர் வழங்கினர். இலவங்கம், பட்டை, ஏலம் முதலியன அச்சரக்குகள். செய்யும் முறையும் வியக்கத்தக்கது. மாவையும் தேனையும், அல்லது சர்க்கரைப் பாகையும், கலந்து பிசைவர். நெய்யோ முட்டையோ சேர்ப்பதில்லை. பிசைந்த மாவை உடனே சுடாமல், வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் வைத்துப் பதப்படுத்துவர். நாள் செல்லச் செல்ல அது மெல்லப் புளித்து மணம் பெறும். பின்னர்ச் சரக்குப் பொடியையும், பொங்கச் செய்யும் உப்புக்களையும் சேர்த்து மீண்டும் பிசைந்து சுடுவர். சரக்குகளின் அளவு குடும்பந்தோறும் வேறுபடும்; அதனைப் பிறர்க்கு உரையார். 1434 முதல் டிரெஸ்டனில் நடந்துவரும் கிறிஸ்துமஸ் சந்தையில் இவ்வப்பம் பெயர் பெற்றதாகும். 1949 முதல் 1990 வரை இவ்வூர் கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. அரசுகள் மாறினும், தந்தையிடம் மைந்தன் கற்கும் இத்தொழில் மாய்ந்திலது. மிளகப்பக்காரர் என்பது ஜெர்மனியில் இன்றும் தனித்தொழிலாக மதிக்கப்படுகின்றது.

நீலம் தோய்த்தலோ, நம் நாட்டோடு இன்னும் நெருங்கிய உறவுடையது. செதுக்கிய மரக்கட்டையில் ஒருவகைப் பசையைத் தடவி, வெள்ளைத் துணியில் பூவும் கொடியுமாக ஒற்றுவர். பசை உலர்ந்தபின் துணியை அவுரி நீலத் தொட்டியில் அமிழ்த்துவர். வெளியே எடுக்குங்கால் பசுமையாய்த் தோன்றும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாகும். பசையைக் கழுவிவிட, அது மறைத்த இடமெல்லாம் வெள்ளைக் கோலமாய் விளங்கும். சாயம் பற்றாவாறு தடுத்து ஓவியம் தீட்டும் இம்முறை, இந்தியத் துணிகளைக் கண்டு ஐரோப்பியர் பயின்றதாகும். முன்னர் அவர்கள் தம் நாட்டுச் செடியொன்றிலிருந்தே நீலம் எடுத்து வந்தனர். இந்திய அவுரி வந்தபோது, அச்செடி பயிரிட்டோர்க்கு ஊறு நேருமென அஞ்சி, அதனைத் தடுக்கும் சட்டங்களும் பிறந்தன. ஆயினும் நிறத்தின் சிறப்பை மறுப்பார் யாருமிலர், அவுரியே வென்றது.

மிளகும் விளையாத, அவுரியும் முளையாத குளிர்நாட்டுச் சிற்றூர் ஒன்று, அவ்விரண்டையும் தன் கைத்திறத்தால் தன்னுடையனவாக்கிக் கொண்டது. பொருள்கள் இங்ஙனம் அவ்வூரை நாடிச் சென்றிருக்க, அவ்வூரார் ஒருவர் நம் கரையை நாடி வந்தார்.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டு புல்ஸ்நிட்ஸில் ஒரு தானிய வணிகர்க்கு மகனாய்ப் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். பிற்காலத்தில் ஹாலே நகரிற் பயின்று, டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கின் ஆணையால், 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவரானார். தமிழ் கற்றார், ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, அவற்றிற்கு 1708-இல் ஓர் அட்டவணையும் வகுத்தார். 1715-இல் புதிய ஏற்பாட்டின் தமிழ்ப் பதிப்பு முற்றுப்பெற்றது. 1719-இல், தம் முப்பத்தாறாம் வயதில், தரங்கம்பாடியிலேயே மறைந்தார்.

அவர் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி, 1713-இல் முடித்து ஹாலேக்கு அனுப்பினார். அங்குள்ள பெரியோர் அதனை அச்சிட ஒருப்பட்டிலர். பிற சமயச் செய்திகளை ஐரோப்பாவிற் பரப்புதல் மிஷனெரிமார் பணியன்று என்பது அவர்தம் கருத்து. அந்நூல் 1867-ஆம் ஆண்டிலேதான், அதுவும் சென்னையில், அச்சேறியது. மிளகை உவந்து ஏற்ற நாடு, அம்மிளகு விளையும் நாட்டாரின் எண்ணங்களை ஏற்க நூற்றைம்பது ஆண்டிற்கு மேல் தயங்கியது!

இதனைச் சொல்லி அந்நாட்டாரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. பொருளை ஏற்பது எளிது. அதனை ஆக்கியோரின் உள்ளத்தை அறிவது அரிது. இஃது எந்நாட்டார்க்கும் பொருந்தும். நாமும் ஜெர்மானியர் செய்த கருவிகளைக் கையாளுகின்றோம். அவர் ஆய்ந்த இலக்கணங்களைப் பயிலுகின்றோம். எனினும், அவர்தம் சிற்றூர்களில் மக்கள் எவ்வாறு உழைத்து வாழ்கின்றனர் என வினவியதுண்டோ? சீகன்பால்கு ஐயர் நம்மை அவ்வாறு வினவினார். கற்றவர் என்ற பெருமையை ஒருபுறம் வைத்துவிட்டு, பிறர் ஏடுகளைத் தேடிச் சென்றார். தமிழ் பயிலும் நாம் அவர்க்குப் பட்ட கடன், அவரைப் புகழ்தலால் மட்டும் தீராது. அவர்போல் வினவுதலாலேயே தீரும்.