கண்ணின் ஈரம் திரும்பட்டும்!

லேசிக், இமை ஆபரேஷன்… இரண்டுக்கும் இடையே ஏன் ஆறு மாதம்?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் வண்டியை விட்டு இறங்கியதும் மூக்குக் கண்ணாடியில் பனி படரும். முந்தானையால் துடைத்து மாட்டுவதற்குள் மறுபடியும் படரும். ‘இந்தக் கண்ணாடியே வேண்டாம்’ என்று தோன்றிவிடும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, அங்கே எடுத்த போட்டோவைப் பார்த்ததும் இன்னொரு ஆசையும் வரும்: தொங்கும் இமையையும் சேர்த்தே சரிசெய்துவிடலாமே!

அவசரம் வேண்டாம்.

கண்ணாடிக்கு விடை கொடுக்க உதவும் லேசர் சிகிச்சையான லேசிக்குக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். 1981 நவம்பரில், அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் எக்சைமர் லேசரைப் பாய்ச்சினார். வெட்டு விழுந்தது, சுற்றிலும் கருகவில்லை.

அவ்வளவு நுட்பமான லேசர்தான். ஆனாலும், லேசிக்கில் கருவிழியின் மேற்பரப்பை மடல்போலத் திறக்கும்போது மெல்லிய நரம்புகள் அறுபடுகின்றன. கண் காய்ந்தால் ‘சிமிட்டு, நீர் சுர’ என்று சேதி சொல்பவை அவைதான். அவை மறுபடி வளர மாதக்கணக்கில் ஆகும். இமை ஆபரேஷனில் மிகுதியான தோலை எடுத்துத் தைத்தபின், சிலருக்குக் கொஞ்ச காலம் இமை முழுதாக மூடாது. தூக்கத்திலும் ஒரு கீற்று திறந்தே இருக்கும். முன்னது நீர் சுரப்பைக் குறைக்கிறது. பின்னது இருக்கும் நீரையும் ஆவியாக்குகிறது. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் எரிச்சல், உறுத்தல், மங்கல். கருவிழியில் புண்கூட வரலாம். அதனால்தான் டாக்டர்கள் பலரும் குறைந்தது ஆறு மாத இடைவெளி கேட்கிறார்கள்.

எது முதலில்?

பெரும்பாலும் இருபதுகளில் லேசிக், நாற்பதுக்குப் பின் இமை என்று வயதே வரிசையை வகுத்துவிடும். ஆனால், கருவிழியை அழுத்தும் அளவுக்கு இமை தொங்கினால், அதைச் சரிசெய்ததும் சிலிண்டர் பவர் சற்று மாறக்கூடும். அவர்கள் இமையை முதலில் முடித்து, பவர் நிலைத்தபின் லேசிக் செய்துகொள்வது நல்லது.

எதுவானாலும் முதலில் ஷிர்மர் பரிசோதனை கேளுங்கள். வடிதாள் கீற்றைக் கீழிமையில் செருகி, ஐந்து நிமிடம் கண்மூடி இருக்கச் சொல்வார்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் நிம்மதி. 5-க்குக் கீழே என்றால், வறட்சிக்குத்தான் முதல் வைத்தியம். லேசிக் செய்து பத்து வருடம் ஆகியிருந்தாலும், இமை டாக்டரிடம் அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

கண்ணாடி இல்லாமல் பொன்முடியைப் பார்க்க ஆசைப்படுங்கள். அந்த மலைக்காற்றைத் தாங்கும் ஈரம் கண்ணில் ஊறிய பிறகு, அடுத்ததற்கு நாள் குறியுங்கள்.