சாம்பலில் உறங்கும் காரீயம்

தேக்கா சந்தைக் குப்பையானாலும் ஈசூன் அடுக்குமாடிக் குப்பையானாலும், எரியக்கூடியவை எரியாலையில் சாம்பலாகின்றன. கன அளவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆனால் காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களை நெருப்பு அழிப்பதில்லை. துவாஸிலிருந்து படகில் செல்லும் சாம்பலோடு அவையும், 1999இல் திறக்கப்பட்ட செமாக்காவ் குப்பை நிரப்புநிலத்தைச் சென்று சேர்கின்றன.

சுற்றிலும் கடல். பயப்பட வேண்டாமா?

உலோகம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நீரில் கரையும் என்பதே கேள்வி. கரையாத காரீயம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கரைந்தது வேரில் ஏறும், மீனுக்குள் போகும். இதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பிஎச் அளவு. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அமிலம் கூடினால் பெரும்பாலான உலோகங்கள் கரையும்.

அப்படியானால் காரம் எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே? அதுதான் இல்லை. புதுச் சாம்பலின் பிஎச் 11, 12 என்றுகூட இருக்கும். அந்த அளவில் காரீயம் மறுபடி கரையத் தொடங்கும்! நாளாக ஆக, காற்றிலுள்ள கரியமிலவாயு சாம்பலின் காரத்தைத் தணிக்கிறது. பிஎச் 9 வாக்கில் காரீயம் அடங்கிவிடும்.

செமாக்காவின் 7 கிலோமீட்டர் அணைக்கு நீர்புகாத் தாளோடு கடற்களிமண்ணும் இடப்பட்டுள்ளது. களிமண் நீரைத் தடுப்பதோடு நிற்பதில்லை. அதன் துகள்கள் எதிர்மின்னேற்றம் உள்ளவை, கரைந்த காரீயத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

தோட்ட மண்ணிலும் இதே கணக்குதான். அமில மண்ணில் சுண்ணாம்பு சேர்த்தால் காட்மியம் கீரையில் ஏறுவது குறையும். ஆர்சனிக்குக்கு மட்டும் இந்த வைத்தியம் ஆகாது. காரம் கூடினால் அது மண்ணை விட்டுக் கிளம்பிவிடக்கூடும்.