வேட்டவலம் ரோட்டு ஷெட்டில் ஒரு ஹெரால்டு: எடுக்கலாமா, எடைக்குப் போடலாமா?

தீபம் முடிந்து திருவண்ணாமலையில் கூட்டம் வடிந்த வாரம். நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். "அப்பாவோட ஹெரால்டு ஷெட்டுல நிக்குதுல்ல, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க. பழைய இரும்புக்காரர் அட்வான்ஸ் தர்றேன்னு வாசல்லயே நிக்கிறாரு."

அண்ணன் தம்பி பாகம் பிரித்தாயிற்று. ஷெட் இருக்கும் மனை கைமாறுகிறது, தைக்குள் காலி பண்ணணும். அண்ணன் "எடைக்குப் போட்டுடு" என்கிறார். தம்பிக்கு மனசு வரலை. ஆனா மனசை மட்டும் நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். பாதி பிரித்துப் போட்டு, பெயின்ட் பாதி உரித்து, பணம் தீர்ந்து நிற்கிற கார்கள் நம்ம ஊரில் எத்தனையோ. ஓடாத காரையாவது விற்கலாம். பிரித்துப் போட்ட காரை யாரும் வாங்க மாட்டாங்க.

அன்று நாங்கள் பார்த்த வரிசையை அப்படியே குறித்து வைக்கிறேன். உங்கள் வீட்டில் அம்பாசிடரோ பத்மினியோ நின்றாலும் முறை ஏறக்குறைய இதுதான்.

முதலில், இது என்ன கார்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம பக்கத்துக் கார். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. மூலம் 1959-இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கலோட்டி. 948 சி.சி. பெட்ரோல் இன்ஜின், எடை சுமார் 800 கிலோ. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்.

இந்தக் காரில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்தில் பாடி செய்து கொடுத்த கம்பெனி போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால், டிரையம்ப்காரர்களால் முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய முடியவில்லை. தனி சேஸிஸ் போட்டு, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டினார்கள். அன்றைக்கு அது கஷ்டத்துக்கு எடுத்த வழி. இன்றைக்கு நமக்கு அதுவே வரம். பாடியும் சேஸிஸும் ஒன்றாக இருக்கிற அம்பாசிடரில் அடித்தளம் துருப்பிடித்தால் காரின் எலும்பே போச்சு. ஹெரால்டில் துண்டைக் கழற்றி வேலை பார்க்கலாம்.

ஸ்க்ரூடிரைவரும் காந்தமும்

இன்ஜினைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அதைக் கடைசியில் பாருங்கள். இன்ஜினைப் பணம் கொடுத்தால் சரி பண்ணிடலாம். காரைக் கொல்வது துரு.

நல்ல வேளை, திருவண்ணாமலை கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். சென்னை, பாண்டிச்சேரி கார்கள் மாதிரி உப்புக்காற்று தின்றிருக்காது. ஆனா மண் தரை ஷெட் என்றால் மழைக்காலத்தில் ஈரம் கீழிருந்து ஏறும். அதனால மேலே பளபளப்பாகத் தெரிகிற கார்கூட அடியில் அரித்திருக்கும்.

ஜாக்கி போட்டு, கீழே கட்டை முட்டுக் கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகாதீங்க), சேஸிஸ் நெடுக பழைய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தோம். நடு நீளத் தண்டுகள் இரண்டும் 'ணங்' என்று சத்தம் கொடுத்தன. பக்கவாட்டில் பாடியைத் தாங்குகிற கைகளில் இரண்டு இடத்தில் ஸ்க்ரூடிரைவர் உள்ளேயே போய்விட்டது. நண்பர் முகம் வாடிப்போச்சு. ஆனா அந்தக் கைகளை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு பண்ணலாம். நடுத்தண்டு போயிருந்தால் அங்கேயே பேச்சை முடித்திருப்பேன்.

அடுத்தது கதவுச் சந்து. கார் தரையில் நிற்கும்போது ஒரு தடவை, ஜாக்கியில் தூக்கியபின் ஒரு தடவை பாருங்கள். சந்து கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறினால் சேஸிஸ் வளைந்து கொடுக்கிறது என்று அர்த்தம். இதில் மாறவில்லை. பிறகு துணி சுற்றிய காந்தத்தை பாடி முழுக்க ஓட்டினோம். காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி இருக்கிறது. பின் சக்கர வளைவில் ஒரு உள்ளங்கை அளவு ஒட்டவே இல்லை. பழைய டிங்கர் கைங்கரியம்.

இன்ஜினை எழுப்ப அவசரப்படாதீங்க

பேட்டரி மாட்டி சாவியைத் திருப்புவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தப்பு. வருஷக்கணக்கா நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் முரட்டுத்தனமாகச் சுற்றினால் ரிங் உடையும்.

பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி மூன்று நாள் விட்டோம். நாலாம் நாள் டாப் கியரில் போட்டு மெதுவாகத் தள்ளினால் இன்ஜின் சுற்றியது. டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருந்தது. பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். கம்ப்ரெஷன் கேஜ் வைத்தால் நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் நிற்கணும். மூன்று நின்றது, ஒன்று குறைவு. வால்வு வேலை இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

வயரிங் எலிக்குப் பலகாரம் ஆகியிருந்தது, முழுசா மாற்றணும். பிரேக் சிலிண்டர், ஹோஸ் எதையும் காப்பாற்ற நினைக்காதீங்க. பெட்ரோல் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் அப்படித்தான். இப்போ பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பரை அது கரைத்துவிடும்.

ஹெரால்டுக்கென்றே இன்னொரு சோதனை. முன் சக்கரம் திரும்புவது டிரன்னியன் என்கிற பித்தளைத் துண்டில். அதற்கு விடவேண்டியது கியர் ஆயில். நம்ம ஊர் சர்வீஸ் ஸ்டேஷன்களில் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். உள்ளே ஈரம் தங்கி மரை துருப்பிடித்து, ஒருநாள் ஓடும்போதே சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். உயிர் போகிற விஷயம். கழற்றிப் பார்க்காமல் ரோட்டுக்கு எடுக்கக் கூடாது.

கிடைக்கிறதும் கிடைக்காததும்

டிரன்னியன், புஷ், கேஸ்கெட், பேரிங் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதுசாகச் செய்து விற்கிறார்கள். அதே முன் சஸ்பென்ஷன் ஸ்பிட்ஃபயர் போன்ற டிரையம்ப் கார்களிலும் இருந்ததால் வாங்க ஆள் இருக்கிறது. ஆனா நண்பருடையது 1970-ல் பதிவான நான்கு கதவு மாடல். இங்கிலாந்தில் ஹெரால்டு இரண்டு கதவுதான். நான்கு கதவு இந்தியாவில் மட்டும் செய்தது. ஆகவே பின்கதவு, அதன் கண்ணாடி, ரப்பர் எதுவும் அங்கே கிடைக்காது. நம்ம ஊர்க் காருக்கு நம்ம ஊரில்தான் சாமான் இல்லை! இந்தக் காரில் நான்கு கதவும் முழுசாக இருந்தது. என்னைக் கேட்டால், முடிவைத் திருப்பியது அதுதான்.

காகிதம்தான் இன்ஜின்

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேஸிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்கணும். விதியில் சொன்ன கட்டணம் புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருஷம் செல்லும். ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனா கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் கடைக்குப் போக இந்தப் பதிவு உதவாது. அதற்குச் சாதாரணப் புதுப்பித்தல்தான்.

அதனாலதான் உள்ளூர் மெக்கானிக் ஒருத்தர் "மாருதி இன்ஜினை இறக்கிடலாம் சார், ஜம்முனு ஓடும்" என்று சொன்னபோது நான் வேண்டாம் என்றேன். ஓடும்தான். ஆனா விண்டேஜ் தகுதி போய்விடும்.

ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில். திருவண்ணாமலை மாவட்டம் 1989-ல்தான் பிரிந்தது. அதற்கு முந்தைய பதிவு வடஆற்காடு காலத்தது, ஆக வேலூரிலும் விசாரிக்க வேண்டிவரும். உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31, கூடவே தாலுகா ஆபீஸ் வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். அதாவது எடைக்குப் போடச் சொன்ன அண்ணன் கையெழுத்துப் போடணும்.

எடைக்கே போடுவதானாலும் ஆர்.சி.யை ஆர்.டி.ஓ.வில் ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யாமல் கொடுக்காதீங்க. அப்பா பெயரில் இருக்கிற புத்தகம் வேறெந்தக் காரிலோ போய் உட்காரும்.

கடைசிக் கணக்கு

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டோம். ஓடுவதற்குக் கட்டாயம் வேண்டியது: பிரேக், டிரன்னியன், வயரிங், சேஸிஸ் வெல்டிங், டயர். தள்ளிப்போடலாம்: பெயின்ட், சீட், குரோம். எங்கேயும் கிடைக்காது: ஒன்றுமில்லை. மூன்றாம் பத்தி நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள். முதல் பத்தியை முடிக்கக் கையில் பணம் இல்லை என்றால் எதையும் கழற்றாதீங்க. உலர்ந்த இடத்தில் கட்டை மேல் ஏற்றி மூடி வையுங்கள், அது போதும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஹெரால்டில் போட்ட பணம் விற்கும்போது திரும்பி வரும் என்று கணக்குப் போட்டு இறங்கக் கூடாது.

நண்பர் அந்தத் தாளோடு அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் ரொம்ப நேரம் படித்துவிட்டு, "பெயின்ட் அடிக்க வேணாம்டா, அப்பா ஓட்டின கலர்லயே இருக்கட்டும்" என்றாராம். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கார் இப்போது தம்பி வீட்டுப் பின்பக்கம் நான்கு கட்டை மேல் நிற்கிறது. பிரேக் வேலை ஆரம்பிச்சாச்சு.